சிவில் ரைட்ஸ் வக்கீல் கவுண்டி தேர்தல்ல நின்னா என்ன ஆகும்? எங்க அலமீடா கவுண்டில நடந்தது

தம்பி ஒருத்தர் கேட்டிருந்த கேள்வி இது: "அமெரிக்கால கம்பெனிங்க மேலயும் அரசாங்கத்து மேலயும் கேஸ் போட்டே பேர் வாங்கின ஒரு சிவில் ரைட்ஸ் வக்கீல், கவுண்டி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி தேர்தல்ல நின்னாங்கன்னு படிச்சேன். அது நம்ம ஊர் அரசு வக்கீல் வேலை மாதிரிதானே? அதுக்கு எதுக்கு எலெக்‌ஷன்? ஜெயிச்சாலும் ஒரு கவுண்டி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு என்னத்த மாத்திட முடியும்?"

நான் கலிஃபோர்னியால அலமீடா கவுண்டில (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஃப்ரீமாண்ட்ல 20 வருஷத்துக்கு மேல இருக்கேன். நீங்க படிச்சது அனேகமா எங்க பமெலா பிரைஸ் பத்தித்தான் இருக்கும். அவங்க நின்னு தோத்தது, திரும்ப நின்னு ஜெயிச்சது, ரெண்டு வருஷம் முழுசா முடியறதுக்குள்ள ஜனங்களே ஓட்டு போட்டு இறக்கினது எல்லாத்தையும் இங்கயே இருந்து பாத்தவன், அதனால கொஞ்சம் நீட்டாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த பதவி. நம்ம ஊர்ல மாவட்ட பப்ளிக் ப்ராசிக்யூட்டரை மாநில அரசு நியமிக்கும், கலெக்டர் செஷன்ஸ் ஜட்ஜோட கலந்து பேசி ஒரு பேர் பட்டியல் அனுப்புவார், ஆட்சி மாறினா பெரும்பாலும் ஆளும் மாறுவாங்க. போலீஸ் விசாரிச்சு குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணும், அதை அவர் கோர்ட்ல நடத்துவார். இங்க கதையே வேற. போலீஸ் ஆளைப் பிடிச்சு ஃபைலை அனுப்பறதோட சரி. கேஸ் போடணுமா வேண்டாமா, எந்த செக்‌ஷன்ல போடணும், மரண தண்டனை கேக்கணுமா, பேசி முடிச்சு சின்ன குற்றமா ஒத்துக்க வெக்கலாமா, இது அத்தனையும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, இங்க எல்லாரும் சொல்றது டிஏ, அவங்க கையிலதான். மாநில கோர்ட்டுங்கள்ல குற்றவாளின்னு முடியற கேஸ்ல 94 சதவீதம் விசாரணையே நடக்காம, குற்றத்தை ஒத்துக்கிட்டு முடியற கேஸ்தான், இதை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 2012ல ஒரு தீர்ப்புல எடுத்து எழுதியிருக்கு. அப்படின்னா யோசிச்சுப் பாருங்க, சினிமால வர்ற மாதிரி ஜூரி (குற்றவாளியா இல்லையான்னு சொல்ல உக்கார வெக்கற பொதுஜனங்க), வாதம், தீர்ப்புன்னு போறது ரொம்ப கொஞ்சம், மிச்சமெல்லாம் டிஏ ஆபீஸ்ல ஒரு ஜூனியர் வக்கீல் மேஜைல முடிவாகுது, அந்த ஜூனியருக்கு என்ன ரூல்னு எழுதிக் குடுக்கறது மேல உக்காந்திருக்கற அந்த ஒருத்தர்.

இன்னும் புரியற மாதிரி ஒண்ணு சொல்றேன். கலிஃபோர்னியால என்ஹான்ஸ்மென்ட்னு ஒண்ணு இருக்கு, மூல குற்றத்துக்கான தண்டனை மேல கூடுதலா ஏத்தற வருஷங்கள். கொள்ளை மாதிரி பெரிய குற்றத்துல துப்பாக்கியைப் பயன்படுத்தினா கூட 10 வருஷம், சுட்டா 20, சுட்டதுல ஆள் செத்தாலோ பலத்த அடி பட்டாலோ 25 வருஷத்துலேர்ந்து ஆயுள் வரைக்கும். இதை ஃபைல்ல சேக்கறதா வேண்டாமாங்கறது டிஏ ஆபீஸ் முடிவு. அதே பையன், அதே சம்பவம், ஒரு வரி சேத்தா 30 வயசுல வெளிய வர வேண்டியவன் 50 வயசுல வருவான். கவுண்டி ஆபீஸ்ல உக்காந்து என்ன பண்ண முடியும்னு கேட்டீங்களே, இதுதான் பண்ண முடியும்.

எதுக்கு எலெக்‌ஷன்னா, கவர்னர் தனக்கு வேண்டப்பட்ட ஆளை உக்கார வெக்கக்கூடாதுன்னு 1832ல மிசிசிப்பி மாநிலம் முதல்ல ஆரம்பிச்சது, இப்ப பெரும்பாலான மாநிலங்கள்ல அப்படித்தான். ஆனா பேர்தான் தேர்தல். எங்க கவுண்டியவே எடுத்துக்குங்க. இதே நாற்காலில 1925லேர்ந்து 1939 வரைக்கும் இருந்தவர் எர்ல் வாரன், பின்னாடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாகி 1954ல வெள்ளை பசங்களுக்கும் கறுப்பு பசங்களுக்கும் தனித்தனி பள்ளிக்கூடம் செல்லாதுன்னு தீர்ப்பு எழுதினவர். அவரே முதல்ல ஓட்டு வாங்கி வரல, முன்னாடி இருந்தவர் நடுவுல விலகினதும் கவுண்டியை நடத்தற அஞ்சு பேர் போர்டு, போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், அவரை நியமிச்சது. 2009ல நான்சி ஓமாலி வந்ததும் இதே வழிதான். உள்ளயே வேலை பாக்கறவங்க, நடுவுல நியமனம், அப்பறம் பதவில இருக்கறவங்களா தேர்தல்ல நிக்கறது. எதுத்து நிக்க ஆளே வராது, வந்தாலும் ஜனங்களுக்குத் தெரியாது. நம்ம வீட்டுல ஓட்டு சீட்டு தபால்ல வந்ததும் கிச்சன் மேஜைல பிரிச்சு வெப்போம், கவர்னர், செனட்டர், காங்கிரஸ், வரிசையா ஜட்ஜுங்க பேர், ஸ்கூல் போர்டு எல்லாம் தாண்டித்தான் கவுண்டி பதவிங்க வரும், அதுக்குள்ள கை வலிச்சு பேனாவை மூடிடற ஆளுங்களை எனக்கே நிறைய தெரியும். என் மனைவியோட சிநேகிதி ஒருத்தங்க சிட்டிசன்ஷிப் வாங்கி மூணு தேர்தல்ல ஓட்டு போட்டாங்க, மூணுலயும் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல.

நம்மாளுங்களுக்கு இந்த கவுண்டி தெரியாத இடமும் இல்ல. 14 ஊர், 16 லட்சம் ஜனம், ஓக்லாண்ட், பெர்க்லி, ஹேவர்ட், ஃப்ரீமாண்ட் எல்லாம் இதுல வருது, வெள்ளிக்கிழமை லிவர்மோர் கோவிலுக்குப் போறோமே அதுவும் இதே கவுண்டிதான். சென்னையிலேர்ந்து படிக்க வந்த ஷ்யாமளா கோபாலன் பெர்க்லிலதான் இருந்தாங்க, அவங்க பொண்ணு கமலா ஹாரிஸ் 1990ல முதல் வேலைக்குச் சேந்ததும் இந்த அலமீடா டிஏ ஆபீஸ்லதான்.

இப்ப பமெலா பிரைஸ். ஒஹையோல பொறந்த கறுப்பினப் பெண். மார்ட்டின் லூதர் கிங்கை கொன்னதுக்கு அப்பறம் நடந்த போராட்டங்கள்ல சின்ன வயசுலயே கைதானவங்க, வேறவங்க வீட்டுல வளந்தவங்க, அங்கேர்ந்து யேல் யுனிவர்சிட்டி வரைக்கும் வந்தாங்க. அங்க படிக்கும்போது ஒரு ப்ரொஃபசர் மார்க்குக்காக தப்பா கேட்டார்னு புகார் குடுத்தாங்க. 1977ல யேல் மேல வந்த கேஸ்ல பல பேர் சேந்திருந்தாலும் விசாரணை வரைக்கும் போனது இவங்க புகார் ஒண்ணுதான். நடந்தது நிரூபணம் ஆகலன்னு கோர்ட் சொல்லிடுச்சு, அப்பீல்லயும் 1980ல தோத்தாங்க. ஆனா காலேஜ்ல பாலியல் தொந்தரவுங்கறது பெண்ணுன்னு பாத்து காட்டற பாகுபாடு, கல்வில ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற டைட்டில் நைன் சட்டத்துக்குள்ள வரும்ங்கற வாதத்தை கோர்ட் ஏத்துக்கிச்சு, யேலும் புகார் குடுக்க ஒரு வழிமுறையைக் கொண்டு வந்தது, மத்த காலேஜுங்களும் பின்னாடியே கொண்டு வந்தாங்க. இன்னிக்கு நம்ம பிள்ளைங்க அமெரிக்க யுனிவர்சிட்டில ஒரு புகார் குடுக்கணும்னா அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கே, அதோட வேர் இந்தத் தோத்த கேஸ்ல இருக்கு.

பெர்க்லில சட்டம் படிச்சு ஓக்லாண்ட்ல சொந்தமா ஆபீஸ் போட்டாங்க. 2002ல ஒரு சுப்ரீம் கோர்ட் கேஸ். ஆம்ட்ராக் ரயில் கம்பெனில வேலை பாத்த ஒரு கறுப்பின எலக்ட்ரீஷியன், வருஷக்கணக்கா நிறத்தை வெச்சு அவமானப்படுத்தினாங்கன்னு புகார் குடுத்தார். சட்டப்படி 300 நாளைக்குள்ள புகார் குடுத்திருக்கணும், அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் கணக்குல வராதுன்னு கம்பெனி சொல்லிச்சு. பிரைஸ் நேரா சுப்ரீம் கோர்ட்ல நின்னு வாதாடினாங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கற கொடுமைல ஒரு சம்பவம் அந்த நாளுங்களுக்குள்ள வந்தாலும் மொத்தத்தையும் சேத்துப் பாக்கணும்னு தீர்ப்பு வந்தது, அந்தப் பகுதில 5க்கு 4. வேலை செய்யற இடத்துல அவமானம்ங்கறது ஒரே நாள்ல நடக்கறதில்லன்னு அனுபவப்பட்டவங்களுக்குத் தெரியும், அதை சட்டத்துக்குள்ள கொண்டு வந்தது பெரிய விஷயம்.

சரி, இவ்ளோ பண்ண முடியும்னா வக்கீலாவே இருந்துட்டுப் போக வேண்டியதுதானேன்னு தோணும். இங்கதான் விஷயம் இருக்கு. சிவில் ரைட்ஸ் கேஸ்ங்கறது எல்லாம் நடந்து முடிஞ்சதுக்கு அப்பறம் போடறது. போலீஸ் அடிச்சா, 1871ல வந்த ஒரு சட்டத்தை வெச்சு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிச்சா பணம் வரும், அந்தப் பணம் பெரும்பாலும் ஊர் கஜானாலேர்ந்து வருது, அடிச்சவர் பாக்கெட்லேர்ந்து வர்றதில்ல. ஓக்லாண்ட்ல 2000ல வெளிய வந்த ரைடர்ஸ் கேஸ் இதுக்கு நல்ல உதாரணம். ராத்திரி ரோந்து போன நாலு போலீஸ்காரங்க, ஏழை கறுப்பின பசங்களை அடிச்சு, பொய் ரிப்போர்ட் எழுதி, போதை மருந்து வெச்சு பிடிச்சாங்கன்னு, வேலைக்குச் சேந்த கொஞ்ச நாள்லயே ஒரு புது போலீஸ்காரர் சொல்லிட்டார். 119 பேர் கேஸ் போட்டாங்க. 2003ல ஊர் 1 கோடியே 9 லட்சம் டாலர் குடுத்து முடிச்சது, ஓக்லாண்ட் போலீஸ் ஃபெடரல் கோர்ட் கண்காணிப்புக்குக் கீழ போச்சு, 20 வருஷம் தாண்டியும் அது முடியல. ஆனா கிரிமினல் கேஸ் என்னாச்சு? டிஏ ஆபீஸ் ரெண்டு தடவை விசாரணை நடத்தியும் ஜூரி ஒத்துப் போகல, ஒருத்தருக்கும் தண்டனை கிடையாது. அந்த ஜனங்களை பொய் ரிப்போர்ட்டை நம்பி முதல்ல கேஸ் போட்டு ஜெயிலுக்கு அனுப்ப ஒரு ஆபீஸ் வேணும்ல, அது எது? டிஏ ஆபீஸ். வாசல்ல நின்னு வருஷக்கணக்கா கேஸ் போட்டவங்க ஒரு நாள் கதவைத் திறந்து உள்ள போகணும்னு நினைக்கறது எனக்கு ரொம்ப நியாயமாத்தான் பட்டது.

2018ல ஓமாலியை எதுத்து நின்னாங்க, தோத்தாங்க. அந்த வருஷ ஆரம்பத்துலதான் ஃபிலடெல்ஃபியால லாரி கிராஸ்னர்னு இன்னொரு சிவில் ரைட்ஸ் வக்கீல், போலீஸ் மேல 75 தடவைக்கு மேல கேஸ் போட்டவர், டிஏ ஆகி முதல் வாரத்துலயே அந்த ஆபீஸ்ல வேலை பாத்த 31 பேரை வேலையை விட்டு எடுத்திருந்தார், அதனால நாடு முழுக்க இந்த மாதிரி ஆளுங்க நிக்க ஆரம்பிச்ச நேரம். 2022ல ஓமாலி நிக்கல. அந்த ஆபீஸ்லயே 30 வருஷத்துக்கு மேல வேலை பாத்த டெரி வைலியை நவம்பர்ல பிரைஸ் கிட்டத்தட்ட 53 சதவீத ஓட்டோட தோக்கடிச்சாங்க. கவுண்டியோட முதல் கறுப்பினப் பெண் டிஏ. நான் அவங்களுக்குத்தான் போட்டேன், இப்பவும் அதுல எனக்கு வருத்தம் இல்ல.

ஆனா பதவிக்கு வந்ததும் நடந்ததை மறைக்காம சொல்லணும். 2023ல, பெரிய அதிகாரி ஒப்புதல் இல்லாம என்ஹான்ஸ்மென்ட் சேக்கக்கூடாது, ரொம்ப அசாதாரணமான கேஸ்ல மட்டும்னு உத்தரவு போட்டாங்க. கொள்கையா பாத்தா தேர்தல்ல சொன்னதைத்தான் செஞ்சாங்க. ஆனா அதே நேரம் ஓக்லாண்ட்ல வருஷத்துக்கு 100 கொலைக்கு மேல நடந்துக்கிட்டிருந்தது, கார் திருட்டு, கண்ணாடி உடைக்கறது, கடைங்கள்ல புகுந்து அள்றது. ஏர்போர்ட் பக்கத்துல எப்பவும் வரிசை நிக்கற இன்-அன்-அவுட் பர்கர் கடையை 2024 மார்ச்ல மூடினாங்க, குற்றம்தான் காரணம்னு கம்பெனியே சொன்னது. ஃப்ரீவேல நடந்த கேங் சண்டைல குண்டு பாஞ்சு கார்ல தூங்கிக்கிட்டிருந்த ஃப்ரீமாண்ட் குழந்தை ஒண்ணு 2021லயே செத்துப் போச்சு, ரெண்டு வயசு கூட ஆகல. அந்தக் குழந்தைக்கு நியாயம் கிடைக்குமான்னு எங்க ஏரியா சீனக் குடும்பங்க ஊர்வலம் போனாங்க. எங்க தெருவுலயும் அது ஒரு வீட்டு துக்கம் மாதிரிதான் இருந்தது. கறுப்பின மக்களோட பழைய அமைப்பான என்ஏஏசிபியோட ஓக்லாண்ட் கிளையே 2023 ஜூலைல குற்றத்தைக் கட்டுப்படுத்துங்கன்னு காட்டமா கடிதம் எழுதிச்சு, அதுல டிஏவையும் சேத்தே குறை சொன்னாங்க. அதனால, பணக்காரங்க சேந்து கவுத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போறவங்க பேச்சை நான் ஒத்துக்கறதில்ல. பணம் வந்தது உண்மை, ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் ஆள் நிறையவே குடுத்தார். ஆனா அவங்களை இறக்கணும்னு கையெழுத்து போட்டவங்கள்ல என் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார், 2022ல அவரும் பிரைஸுக்குத்தான் ஓட்டு போட்டவர்.

எனக்குப் பட்ட தப்பு எதுன்னா இதுதான். 30 வருஷம் ஒரு வக்கீல் ஒரே ஒரு கட்சிக்காரர் பக்கம் நின்னு பேசிப் பழகினவங்க. அநியாயமா அடிபட்டவர் பக்கம் நிக்கறதுதான் அவங்க தொழிலே. டிஏ ஆனா எதிர்ல ரெண்டு குடும்பம் உக்காந்திருக்கும், குண்டு பட்டு செத்தவங்க அம்மாவும் இருப்பாங்க, சுட்ட பையனோட அம்மாவும் இருப்பாங்க, ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஆபீஸ் பேசணும். பையனுக்கு 18 வயசு, அவனுக்கும் ஒரு எதிர்காலம் வேணும்னு சொல்றதுக்கு முன்னாடி, செத்தவங்க வீட்டுக்கு ஒரு போன் பண்ணி நாங்க இப்படி முடிவு பண்ணியிருக்கோம், காரணம் இதுன்னு சொல்லணும். எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லல, கேஸ் என்ன ஆச்சுன்னு நியூஸ் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்னு குடும்பங்க மேடை ஏறி அழுதப்பவே எனக்கு பயம் வந்துடுச்சு. கொள்கை சரியா இருந்தும் மனுஷங்களை இழந்தாங்க. அனுபவசாலி வக்கீலுங்க நிறைய பேர் ஆபீஸை விட்டுப் போனதும் சேந்துக்கிச்சு.

ரீகால்னா பதவில இருக்கறவங்களை நடுவுலயே ஓட்டு போட்டு இறக்கறது. அந்த ஓட்டெடுப்பை நடத்தத் தேவைப்பட்ட கையெழுத்து 73 ஆயிரத்துச் சொச்சம், செல்லும்னு எண்ணினது 74 ஆயிரத்துச் சொச்சம், மயிரிழைலதான் தேறிச்சு. ஆனா 2024 நவம்பர் 5 அன்னிக்கு ஓட்டுல மயிரிழை இல்ல, கிட்டத்தட்ட 63 சதவீதம் பேர் இறக்கச் சொல்லிட்டாங்க. அதே நாள்ல ஓக்லாண்ட் மேயரையும் இறக்கினாங்க. நான் வேண்டாம்னு போட்டேன். காரணம் அந்த வருஷம் ஏப்ரல்ல வந்த ஒரு செய்தி.

அதுக்கு முன்னாடி ஒரு காட்சி சொல்லணும். சில வருஷம் முன்னாடி எனக்கு ஜூரி ட்யூட்டி சம்மன் வந்து, ஓக்லாண்ட்ல மெரிட் ஏரிக்கரைல இருக்கற பழைய கோர்ட்டுக்குப் போனேன். 12 பேரைப் பொறுக்கி எடுக்க எங்களை வரிசையா உக்கார வெச்சாங்க. அரசுத் தரப்பு வக்கீலம்மா மேஜைல ஒரு அட்டை ஃபோல்டர், அது மேல நாங்க உக்காந்திருந்த வரிசையிலயே சின்னச் சின்ன மஞ்சள் ஒட்டுத் தாள், ஆளுக்கு ஒண்ணு. நான் எழுந்து பேர், வேலை, எந்த ஊர்ல இருக்கேன்னு சொன்னதும் என் தாள்ல குனிஞ்சு என்னவோ எழுதினாங்க. கொஞ்ச நேரத்துல எனக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, எழுந்து போகும்போது பாத்தேன், அந்தத் தாளை உரிச்சு எடுத்து வேற தாளை ஒட்டினாங்க. காரணம் சொல்லத் தேவையில்ல, ரெண்டு தரப்பு வக்கீலுக்கும் இத்தனை பேரைன்னு அப்படி நீக்க உரிமை உண்டு. ஆனா நிறத்தையோ மதத்தையோ பாத்து நீக்கக்கூடாது, கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் 1978லயே இப்படித் தீர்ப்பு குடுத்தாச்சு, நிறத்தைப் பொறுத்தவரைக்கும் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் 1986ல சொல்லியாச்சு. சரி, என் தாள்ல என்ன எழுதியிருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

2024 ஏப்ரல்ல வந்த செய்தி இந்த மாதிரித் தாளுங்களைப் பத்தினது. 1990கள்ல மரண தண்டனை வாங்கின ஒருத்தரோட அப்பீல் ஃபெடரல் கோர்ட்ல இருந்தது. அவர் கேஸோட பழைய ஃபைலைத் தேடும்போது டிஏ ஆபீஸ் ஆளுங்களே ஜூரி எடுத்த சமயத்துல எழுதின கைக்குறிப்புங்களைக் கண்டெடுத்தாங்க. யார் யூதர், யார் கறுப்பர்னு குறிச்சு வெச்சிருந்தாங்க, பெண்களைப் பத்தி அசிங்கமாவும் எழுதியிருந்தாங்க. யூதருங்க மரண தண்டனைக்கு ஒத்துக்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு. இந்த ஆபீஸ்ல இப்படி ஒரு வழக்கம் இருந்ததுன்னு அங்க வேலை பாத்த ஒருத்தரே 2000கள்ல சொல்லியிருந்தார், அப்ப கோர்ட் ஏத்துக்கல. இப்ப பேப்பரே கிடைச்சிருக்கு. பிரைஸ் ஆபீஸ் அதை எதிர்த்தரப்புக்குக் குடுத்தது. இங்க இன்னொண்ணு கவனிங்க, கோர்ட்ல தன்னோட எதிராளிக்கு தன் ஆபீஸ் தப்பைத் தானே எடுத்துக் குடுக்கறது சாதாரண விஷயம் இல்ல. உள்ளயே வளந்து வந்தவங்களுக்கு அந்தக் கையெழுத்து தன் குருவோடதா இருக்கும், ரிட்டயர்மென்ட் விருந்துல பக்கத்துல உக்காந்தவரோடதா இருக்கும். வெளியிலேர்ந்து வந்த ஒருத்தங்க அங்க இருந்தது ஒரு வித்தியாசத்தை உண்டாக்கிச்சுன்னு நான் முழுசா நம்பறேன். ஃபெடரல் ஜட்ஜ் வின்ஸ் சாப்ரியா எங்க கவுண்டிலேர்ந்து மரண தண்டனைல இருந்த மத்த கேஸ் எல்லாத்தையும் திரும்பப் பாக்கச் சொன்னார், மொத்தம் 35 பேர்.

பிரைஸ் போனதுக்கு அப்பறம் 2025 தொடக்கத்துல போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் பழையபடி நியமனம்தான் பண்ணிச்சு. அர்சுலா ஜோன்ஸ் டிக்சன், அதே டிஏ ஆபீஸ்ல முன்னாடி வேலை பாத்து அப்பறம் ஜட்ஜா இருந்தவங்க. என்ஹான்ஸ்மென்ட் ரூலை ஒரு மெமோ எழுதி மாத்திடலாம், அதுக்கு ஒரு நாள் போதும். ஆனா அந்த மரண தண்டனை ஃபைலுங்க அப்படி இல்ல. பிரைஸ் இருக்கும்போதே கொஞ்ச பேருக்கு தண்டனையைக் குறைச்சு திரும்ப எழுதியாச்சு. அந்தக் கைக்குறிப்பு எல்லாம் இப்ப கோர்ட் ரெக்கார்டுல ஏறியாச்சு, அந்த நாற்காலில அடுத்து யார் வந்து உக்காந்தாலும் அதுக்கு பதில் எழுதித்தான் ஆகணும்.